கழிவுநீர் நிலையம் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறதா?

கேள்வி இது: "கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்களின் தொழிற்சாலை என்று படித்தேன். சுத்திகரித்த பிறகு அவற்றின் சதவீதம் கூடுகிறதாம். குளோரின் போட்டாலும் அவற்றின் மரபணு அழிவதில்லையாம். அப்படியென்றால் இந்த நிலையங்களால் என்ன பயன்? மிச்சமான மாத்திரைகளை வீட்டுக் கழிப்பறையில் போடுவதும் இதற்குக் காரணமா?"

நீங்கள் படித்த ஒவ்வொரு வரிக்கும் ஏதோ ஓர் ஆய்வில் ஆதாரம் இருக்கும். ஆனால் அவற்றைச் சேர்த்து வைத்து எடுத்த முடிவுதான் கோணலாகிவிட்டது. குழப்பத்தின் வேர் சதவீதக் கணக்கில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சோதனைக்கூடத்தில் இதை எண்ணும் முறை எளிமையானது. பாக்டீரியாவை வளர்க்கும் டி.பி.எக்ஸ் அகார் என்ற கூழ் ஊற்றிய இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்வோம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வளர்ந்தால் அதில் நீலப்பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஒரு தட்டில் வெறும் அகார். இன்னொன்றில் மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் செஃபோடாக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கும். ஒரே நீரை அளவாக நீர்த்து இரண்டிலும் பரப்பி, இரவு முழுக்க இன்குபேட்டரில் வைத்து மறுநாள் புள்ளிகளை எண்ணுவோம். முதல் தட்டு மொத்த ஈ.கோலை எவ்வளவு என்று சொல்லும். இரண்டாவது தட்டில் முளைத்தவை மருந்து இருந்தும் பிழைத்தவை. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட 'ட்ரைசைக்கிள்' கண்காணிப்பு முறையும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. மனிதர், உணவுச் சங்கிலி, சுற்றுச்சூழல் மூன்றிலும் ஒரே கிருமியை ஒரே விதமாக எண்ணுவதால் அந்தப் பெயர்.

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. உள்ளே வரும் சாக்கடை நீரில் 100 மில்லிக்கு 10 லட்சம் ஈ.கோலை இருக்கிறது, அதில் 5 சதவீதம் மருந்துக்கு அடங்காதவை என்று வைத்துக்கொள்வோம். அதாவது 50,000. சுத்திகரித்து வெளியே போகும் நீரில் 10,000 ஈ.கோலை, அதில் 8 சதவீதம் அடங்காதவை. அதாவது 800. "5 சதவீதம் 8 ஆகக் கூடியது" என்று தலைப்புப் போடலாம், பொய் இல்லை. ஆனால் ஆற்றுக்குப் போகும் அடங்காத கிருமிகள் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டன. சில ஆய்வுகளில் இந்தச் சதவீதம் கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது, சிலவற்றில் அப்படியே நிற்கிறது. மொத்த எண்ணிக்கை மட்டும் ஒழுங்காக ஓடும் நிலையங்களில் எல்லாம் இறங்கத்தான் செய்கிறது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பில், கிருமிநாசினி எதுவும் சேர்க்காமலேயே, குடல் பாக்டீரியாவில் 90 முதல் 99 சதவீதமும் சில நிலையங்களில் அதற்கு மேலும் போய்விடும்.

அதற்காக 800 என்பது சின்ன எண் என்று நினைத்துவிட வேண்டாம். நாளுக்கு 5 கோடி லிட்டர் நீரை வெளியேற்றும் நிலையத்துக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 40,000 கோடி அடங்காத ஈ.கோலை வெளியே போகிறது. இரண்டு கணக்கும் சரிதான். நிலையம் ஒரு நல்ல வடிகட்டி, ஆனால் ஓட்டையுள்ள வடிகட்டி. விவாதம் நடக்க வேண்டியது அந்த ஓட்டைகள் எங்கே என்பதைப் பற்றித்தான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? காற்றோட்டத் தொட்டியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 2 முதல் 4 கிராம் கசடு எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். அதில் உயிருள்ள பாக்டீரியா ஏராளம். அவை தனித்தனியாக நீந்தாமல், பிசினைச் சுரந்து திரள் திரளாக ஒட்டிக்கொண்டிருக்கும். குடலிலிருந்து வந்த ஈ.கோலை அந்தத் திரளில் ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டியில் அடியில் படிந்துவிடும். ஒட்டாமல் திரிபவற்றுக்கு வேறு எமன் இருக்கிறது. ஒரு துளி கசட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்: வோர்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிரி, காம்பின் நுனியில் மணிபோலக் கவிழ்ந்து நின்றுகொண்டு, வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகளைச் சுழற்றி நீரோட்டம் உண்டாக்கும். அந்தச் சுழலில் சிக்கும் பாக்டீரியா நேராக அதன் வயிற்றுக்குத்தான். ஏதாவது அதிர்ந்தால் காம்பு சட்டென்று சுருள்வில்லாகச் சுருங்கி, பிறகு மெல்ல நீளும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். வோர்டிசெல்லா நிறைய இருந்தால் வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும் என்று நிலையம் நடத்துபவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். மருந்துக்கு அடங்குகிற கிருமி, அடங்காத கிருமி என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

'தொழிற்சாலை' என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றால், அதே தொட்டியில் மரபணுப் பரிமாற்றத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. குடல் பாக்டீரியாவும் மண், நீர் பாக்டீரியாவும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. தீனிக்குக் குறைவில்லை. மருந்தைச் சமாளிக்க உதவும் எதிர்ப்பு மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு அதன் நகலைக் கொடுத்துவிட முடியும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூடவே மிகக் குறைந்த அளவில் மருந்துகளும், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களும், கிருமிநாசினிகளும் கலந்திருக்கின்றன. மருந்து கிருமியைக் கொல்லும் அளவுக்கு இருந்தால்தான் எதிர்ப்பு வளரும் என்று முன்பு நினைத்தார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் அதை மாற்றினார்கள். கொல்லும் அளவில் பல நூறில் ஒரு பங்கு மருந்து இருந்தாலே, அடங்காத கிருமி மற்றவற்றைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக முந்திவிடுகிறது என்று சோதனைக்கூடத்தில் காட்டினார்கள்.

இதெல்லாம் 'நடக்கலாம்' என்ற வகை. வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் நிலையங்களில் எவ்வளவு நடக்கிறது? என் மதிப்பீட்டில், பயப்படும் அளவுக்கு இல்லை. குடல் பாக்டீரியாவுக்கு அந்தத் தொட்டி சொந்த ஊர் இல்லை. அதற்குக் குளிர் அதிகம், போட்டி அதிகம். அங்கே செழிப்பது கசட்டுக்கே உரிய பாக்டீரியாக்கள்தான். அவற்றிடமும் எதிர்ப்பு மரபணுக்கள் ஏராளம் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மனிதருக்கு நோய் தரும் கிருமிகளிடம் காணப்படுபவை அல்ல. டென்மார்க் நிலையங்களின் கசட்டை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வு இதைத்தான் சொன்னது. பரிமாற்றம் நடக்கவே நடக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். அபூர்வமாக ஒருமுறை நடந்து, அந்த ஒன்று ஊரெங்கும் பரவினாலே போதுமே. ஆனால் வெளியேறும் நீரில் நாம் எண்ணும் அடங்காத ஈ.கோலையில் பெரும்பகுதி அங்கே பிறந்தது அல்ல. நம் குடலிலிருந்தே அப்படி வந்து, தப்பிப் போனது.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு: மருந்துத் தொழிற்சாலைக் கழிவு. ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவை வாங்கிச் சுத்திகரித்த பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007 இல் வெளியிட்டார்கள். அதில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் உச்சமாக இருப்பதே லிட்டருக்கு ஒரு சில மில்லிகிராம்தான். எதிர்ப்பைத் தூண்டாத பாதுகாப்பான அளவு என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கணித்தது லிட்டருக்கு 64 நானோகிராம். அந்த 31 மில்லிகிராமுக்கும் இதற்கும் இடையே சுமார் 5 லட்சம் மடங்கு. அப்படிப்பட்ட நீரில் கசட்டிலுள்ள பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு இல்லாவிட்டால் வாழவே முடியாது. அங்கே 'தொழிற்சாலை' என்று சொல்வது பொருத்தம்தான். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் ஆலைக் கழிவுநீருக்கென்று தனி வழிகாட்டியை 2024 செப்டம்பரில்தான் வெளியிட்டது. ரொம்பத் தாமதம் என்பது என் கருத்து.

மருத்துவமனைக் கழிவுநீர் இரண்டுக்கும் நடுவில் வரும். கார்பபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் அங்கே அதிகம். ஆனால் ஆன்டிபயாட்டிக்கில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, வீடுகளில்தான் விழுங்கப்படுகிறது. ஊரின் மொத்தக் கழிவுநீரில் மருத்துவமனைகளின் பங்கும் சிறிது. அதனால் மருத்துவமனைக்கு மட்டும் தனி நிலையம் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. மருத்துவமனைக்குள் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது: கை கழுவும் தொட்டியின் கீழே வளைந்த குழாய். அங்கே படியும் வழுவழுப்பில் அடங்காத கிருமிகள் மாதக்கணக்கில் குடியிருந்து, தண்ணீர் தெறிக்கும்போது நோயாளிகள்வரை வந்து தொற்றிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

அடுத்து குளோரின். நீங்கள் படித்தது பாதி உண்மை. போதுமான அளவு குளோரின், போதுமான நேரம் கிடைத்தால் அடங்காத ஈ.கோலையும் மற்றதைப் போலவே செத்துவிடும். ஆன்டிபயாட்டிக்கைச் சமாளிக்கும் கருவி வேறு, குளோரினைச் சமாளிக்கத் தேவையானது வேறு. நடைமுறையில் தவறுவது எங்கே என்றால், நீர் கலங்கலாக இருந்தால் துகளுக்குள் ஒளிந்த கிருமிக்குக் குளோரின் எட்டாது. அம்மோனியா மிச்சமிருந்தால் அது குளோரினைப் பிடித்து வலுக்குறைந்த குளோரமினாக மாற்றிவிடும். அதனால் முந்தைய கட்டங்கள் சொதப்பினால் கடைசியில் குளோரினைக் கொட்டிச் சரிக்கட்ட முடியாது.

செத்த செல்லின் டி.என்.ஏ அப்படியே மிஞ்சலாம் என்பதும் சரிதான். உயிருள்ள பாக்டீரியா சில நேரம் அதை உறிஞ்சித் தன்னுடையதாக்கிக்கொள்ளும். இறந்த கிருமியின் குணம் உயிருள்ள கிருமிக்குத் தாவுவதை பிரெடரிக் கிரிஃபித் வெளியிட்டது 1928 இல். அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சை படிந்த தட்டில் பெனிசிலினைக் கவனித்ததும் அதே ஆண்டில்தான். மருந்தும் அதைத் தோற்கடிக்கும் வழிகளில் ஒன்றும் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தன, அப்போது யாருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியிருக்காது. ஆனால் திறந்த நீரில் வெற்று டி.என்.ஏ நெடுநாள் தாங்குவதில்லை. அதை வெட்டித் தின்னும் நொதிகள் எங்கும் உண்டு. எல்லா பாக்டீரியாவும் அதை உள்ளே இழுக்கவும் முடியாது. உயிருள்ள கிருமி ஒன்றையும் மிதக்கும் மரபணுத் துண்டு ஒன்றையும் சம ஆபத்தாக எண்ணுவது சரியில்லை. மரபணுத் துண்டுகளைப் பெருக்கி எண்ணும் இன்றைய பி.சி.ஆர் முறைகள் பல இரண்டையும் பிரிக்காமல் எண்ணிவிடுவதால் அறிக்கைகளில் வரும் எண்கள் பயங்கரமாகத் தெரிகின்றன.

புற ஊதாக் கதிரும் இதே கதைதான். வழக்கமான அளவு கிருமியைப் பெருகவிடாமல் செய்துவிடும். மரபணுவையே சிதைக்க அதைப் பல மடங்கு கூட்ட வேண்டும், மின்சாரச் செலவு ஏறும். ஓசோனுக்குக் கரைந்த மருந்துகளையும் உடைக்கும் நன்மை உண்டு. சவ்வு வடிகட்டி வைத்த நிலையங்கள்தான் என் பார்வையில் இருப்பதில் சிறந்தவை. சவ்வின் துளை 0.04 முதல் 0.4 மைக்ரான், பாக்டீரியாவின் உடம்போ அரை மைக்ரானுக்கு மேல். கிழியாத வரைக்கும் அது நுழைய வழியில்லை.

நீரிலிருந்து நீங்கியதெல்லாம் மாயமாகப் போய்விடவில்லை, கசட்டில் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மருந்துகளும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கு: பெனிசிலின் குடும்பம் நீரில் சீக்கிரம் உடைந்துவிடும், சல்ஃபமெத்தாக்சசோல் நீரோடு போய்விடும், சிப்ரோஃப்ளாக்சசின் கசட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசடு வயலுக்கு உரமாகப் போகிறது என்றால் சூடுதான் முக்கியம். 35 டிகிரியில் கசட்டைக் காற்றில்லாமல் மட்கவைக்கும் சாதாரணச் செரிமானம் கிருமிகளை ஓரளவுதான் குறைக்கும், 55 டிகிரியில் நடப்பது நன்றாகக் குறைக்கும். அமெரிக்க விதிகளில், கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தத் தகுந்த கசடாக வேண்டுமானால், மூடிய கலனில் உரமாக்கும்போது 55 டிகிரியில் 3 நாள், திறந்த வரிசைக் குவியலில் 15 நாள் என்று இருக்கிறது. அந்த விதி பொதுவாக நோய்க்கிருமிகளுக்காக எழுதப்பட்டது, ஆனால் அடங்காத கிருமிக்கும் அதே சூடு பொருந்தும்.

இனி நான் பெரிய ஓட்டை என்று நினைப்பதற்கு வருகிறேன். 99 சதவீதம் நீக்கும் நிலையம், கனமழையில் கொள்ளளவு தாண்டியோ பம்ப் பழுதாகியோ, ஒரு மணி நேரம் கழிவுநீரை பைபாஸில் அப்படியே ஆற்றில் விட்டால் என்ன ஆகும்? அதே அளவு நீர் ஓடுகிறது என்று வைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் போகும் கிருமிகள் ஒழுங்காக ஓடும் 100 மணி நேரத்தில் போவதற்குச் சமம். நான்கு நாளுக்கு மேல்! கடைசிக் கட்டத்தில் விலை உயர்ந்த புற ஊதா விளக்கு பொருத்துவதைப் பற்றி நடக்கும் பேச்சில் பாதியாவது பைபாஸ் நேரத்தைக் குறைப்பதைப் பற்றி நடக்கலாம். அதைவிடப் பெரியது, நிலையத்தையே பார்க்காத கழிவுநீர். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2022 இல் உலக வீட்டுக் கழிவுநீரில் சுமார் 58 சதவீதம்தான் பாதுகாப்பாகச் சுத்திகரிக்கப்பட்டது. 60 நாடுகளின் சாக்கடை நீரை ஒப்பிட்டு 2019 இல் வெளியான ஆய்வில், எதிர்ப்பு மரபணுக்களின் அளவு அந்தந்த நாட்டின் மருந்துப் பயன்பாட்டைவிட, சுகாதார வசதியோடும் வாழ்நிலையோடும்தான் நெருக்கமாகப் பொருந்தியது. மருந்தைக் குறைக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒருவர் குடலில் உருவான கிருமி அடுத்தவர் குடலுக்குப் போக வழி இருக்கும் வரை, மருந்தைக் குறைப்பதால் மட்டும் பரவல் நிற்காது. ஆகவே "இந்த நிலையங்களால் என்ன பயன்" என்பதற்கு என் பதில்: அந்த வழியை அடைப்பதில் அவைதான் முதல் கதவு.

யாருக்கு ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களையும் விளையாடாதவர்களையும் ஒப்பிட்டு எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், செஃபோடாக்ஸிமுக்கு அடங்காத ஈ.கோலை முதல் குழுவில் 9 சதவீதம் பேரின் குடலிலும் இரண்டாவதில் 3 சதவீதம் பேரின் குடலிலும் இருந்தது. அலைச்சறுக்கில் கடல்நீரை விழுங்காமல் இருக்க முடியாது. குடலில் இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. பின்னாளில் சிறுநீர்த் தொற்றோ அறுவைச் சிகிச்சையோ வந்தால்தான் சிக்கல், வழக்கமான மருந்து வேலை செய்யாது. நிலையத்தில் வேலை செய்பவர்கள் காற்றூட்டும் தொட்டிகளுக்கு அருகே தெறிக்கும் நீர்த்திவலைகளைச் சுவாசிக்கிறார்கள், அவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சுத்திகரித்த நீரைப் பச்சையாகச் சாப்பிடும் கீரை, காய்களின் மேல் தெளிப்பதும் கவலைக்குரியது. வேரடியில் சொட்டுநீராக விட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்திய கழிவுநீர்ச் சட்டம், 1 லட்சம் பேருக்கு ஈடான சுமையும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களில் இந்த எதிர்ப்பைக் கண்காணிக்கச் சொல்கிறது. மருந்து போன்ற நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் கட்டத்துக்கான செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் எதிர்க்கின்றன, எதிர்பார்த்ததுதான். உங்கள் பகுதி நிலையம் இப்படி அறிக்கை வெளியிட்டால் அதில் சதவீதத்தோடு 100 மில்லிக்கு எத்தனை என்ற எண்ணிக்கையும், அந்த ஆண்டில் பைபாஸ் ஓடிய மணி நேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் மாத்திரை விஷயம். கழிப்பறையில் போட வேண்டாம், ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை. விழுங்கிய அமோக்ஸிசிலினிலேயே பாதிக்கு மேல் மாறாமல் சிறுநீரில் வந்துவிடுகிறது, நிலையத்துக்கு வரும் மருந்தில் பெரும்பங்கு அந்த வழியில் வருவதுதான். மிச்ச மாத்திரையைத் திரும்ப வாங்கும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.